மொட்டைமாடித் தண்ணீரை எங்கே இறக்குவது? தெருவடிகால், ஜல்லிக் குழி, உறைக்கிணறு

போன ஐப்பசியில் சென்னை விருகம்பாக்கத்திலிருந்து அக்கா போன் செய்தாள். ராத்திரி பெய்த மழைக்குப் போர்டிகோ வரை தண்ணீர் நிற்கிறது, ஸ்கூட்டர் சக்கரம் பாதி முழுகிவிட்டது என்றாள். மறுநாளே அவள் வீட்டில் மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருந்தார்கள். கேட் ஓரமாக ஒரு குழி வெட்டிச் செங்கல் ஜல்லியைக் கொட்டிவிடலாம் என்றார் கொத்தனார். மாடிக் குழாயை நேராகத் தெருவடிகாலில் விட்டுவிடுங்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். மாமாவோ, "தம்பி வீட்டில் இருக்கிற மாதிரி ஒரு ரீசார்ஜ் கிணறு இறக்கிடலாம்" என்றிருக்கிறார். "நீ சொல்லுடா, எதைப் பண்ணட்டும்?" என்று அக்கா கேட்டாள்.

என் வீடு திருவான்மியூரில் இருக்கிறது. வாசலுக்குப் பக்கத்தில் மூன்றடி அகலம், பதினைந்தடி ஆழத்தில் வளையம் வளையமாகச் சிமெண்ட் உறை இறக்கிய கிணறு ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு வாளி கூட இறைத்ததில்லை. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி மண்ணுக்குள் போவதற்காகவே வெட்டியது. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அடித்தரை தெரியக் காய்ந்து கிடக்கும். எட்டு வருஷமாக நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் "அதையே பண்ணு" என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருவான்மியூரில் மண்வெட்டியைப் போட்டால் மணல். விருகம்பாக்கத்தில் களிமண். அந்த ஒரு வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். அவளுக்குப் பதில் சொல்வதற்காக நான் உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எவ்வளவு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிய வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதைவிட எளிதான கணக்கு கிடையாது. அக்கா வீட்டு மொட்டைமாடி ஆயிரம் சதுர அடி, அதாவது சுமார் 93 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் கொட்டினால் 4,600 லிட்டருக்கு மேல் இறங்கும். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஓடு சூடாகி ஆவியானது, சிதறியது எல்லாம் போகக்கூட அந்த மாடியிலிருந்து ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வரும். ஆனால் அது பன்னிரண்டு மாதமும் பிரித்துப் பிரித்து வருவதில்லை. பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையில், அதிலும் பெரும்பங்கு சில நாட்களில் வந்து விழுகிறது. 2021 நவம்பர் 7 காலையோடு முடிந்த ஒரே நாளில் நுங்கம்பாக்கத்தில் 21 சென்டிமீட்டர் பதிவானது. அக்கா வீட்டு மாடியில் அதே அளவு பெய்திருந்தால் ஒரே நாளில் 19,500 லிட்டர். எந்த யோசனையையும் இந்த எண்ணுக்கு முன்னால் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

எதிர்வீட்டுக்காரர் சொன்ன தெருவடிகாலை எடுத்துக்கொள்வோம். செலவு குறைவு. ஒரு குழாய், ஒரு நாள் வேலை. களிமண் பகுதியில் வடிகால் இல்லாமல் எந்தத் தெருவும் பிழைக்காது என்பதும் உண்மை. ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. ஒன்று, மட்டம். சென்னையில் பழைய தார் ரோட்டைச் சுரண்டாமலே மேலே மேலே புது ரோடு போட்டு வந்ததில், முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய வீடுகள் பல இன்று தெருவைவிடத் தாழ்ந்து நிற்கின்றன. அக்கா வீட்டுக் கேட்டிலிருந்து தெருவுக்கு இப்போது ஒரு படி ஏற வேண்டும். கட்டினபோது இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. மாடிக் குழாய் உயரத்திலிருந்து வருவதால் அந்தத் தண்ணீரைத் தெருவுக்கு அனுப்பிவிடலாம். முற்றத்தில் விழும் தண்ணீர் எப்படி மேலே ஏறும்? இரண்டாவது, அடைமழையில் வடிகால் நிரம்பிவிட்டால் அதே குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே திரும்பி வரும். அதைத் தடுக்கக் குழாய் வாயில் ஒரு திசையில் மட்டும் திறக்கும் வால்வு வைக்க வேண்டும். பலரும் வைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தெருவில் இருப்பது மழைநீர் வடிகாலா, கழிவுநீர் மேன்ஹோலா என்று பார்த்துத்தான் குழாயை விட வேண்டும். சென்னையில் இரண்டும் தனித்தனி. மழைத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் விட்டால், தெருக்கோடியில் இருக்கிற ஏதோ ஒரு வீட்டுக் கழிவறையில் அது பொங்கி வரும். அந்த வீட்டில் ஒரு வயதான அம்மா இருப்பார். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

மணற்பாங்கான கடற்கரைப் பகுதியிலோ தெருவடிகால் தேவையா என்பதே கேள்வி. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பகுதிகளில் பெரிய கான்கிரீட் வடிகால் கட்டத் திட்டம் வந்தபோது, அங்கே குடியிருப்பவர்கள் எதிர்த்தார்கள். இந்த மணல் தானாகவே மழையைக் குடித்துக்கொள்ளும், நீங்கள் நல்ல தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கொட்டப் பார்க்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு வரை போனது. திருவான்மியூரில் இருப்பவன் என்ற முறையில் நான் அவர்கள் பக்கம்தான். எங்கள் பகுதியில் நிலத்தடி நல்ல தண்ணீர், கடலிலிருந்து உள்ளே புகுந்த உப்புத் தண்ணீரின் மேல் ஒரு மெல்லிய போர்வை மாதிரி கிடக்கிறது. இறைக்க இறைக்க உப்பு மேலே வரும். மழை இறங்க இறங்க அது கீழே போகும். இங்கே ஒரு சொட்டு மழையைக்கூடத் தெருவுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது.

அடுத்தது கொத்தனாரின் செங்கல் ஜல்லிக் குழி. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு என்றதும் பலர் கண்ணில் வந்து நிற்பது இதுதான். 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நாட்டிலேயே முன்னோடியான சட்டம் அது. கெடு குறைவாக இருந்ததால் ஊரெங்கும் அவசர அவசரமாகக் குழி வெட்டினார்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம், உள்ளே செங்கல் துண்டு அல்லது கூழாங்கல், மேலே கொஞ்சம் மணல். வேலை முடிந்தது.

அந்தக் குழியின் கொள்ளளவு 1,500 லிட்டர் என்று தோன்றும். ஆனால் ஜல்லி நிரப்பிவிட்டால் தண்ணீருக்கு மிஞ்சுவது கற்களுக்கு இடையிலுள்ள சந்து மட்டும்தான். அது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஐந்தில் இரண்டு பங்கு. ஆக 500, 600 லிட்டர். அக்கா வீட்டு மாடியில் பலத்த மழை பெய்தால் எட்டு நிமிஷத்தில் நிரம்பிவிடும். அப்புறம் அது உறிஞ்சும் வேகத்தைத்தான் நம்ப வேண்டும். மாடியிலிருந்து வரும் தூசி, காக்கை எச்சம், வேப்பிலைத் துகள் எல்லாம் அந்தச் சந்துகளில் போய் உட்காரும். மூன்று நான்கு மழைக்காலத்தில் குழி அடைத்துப் போகும். அடைத்துவிட்டது என்று வெளியே தெரியவும் தெரியாது. சுத்தம் செய்ய வேண்டுமென்றால் மொத்த ஜல்லியையும் அள்ளி வெளியே போட்டுக் கழுவி மறுபடி நிரப்ப வேண்டும். 2003இல் போட்ட குழிகளில் எத்தனை இன்று உயிரோடு இருக்கும் என்று யோசித்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அத்தனை பேர் ஆசையாகச் செய்த காரியம் அது. சட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. எல்லா மண்ணுக்கும் ஒரே குழி என்று போய்விட்டதுதான் குறை.

அதற்காக ஜல்லிக் குழியை அடியோடு ஒதுக்க மாட்டேன். முற்றத்தில் தேங்கும் கொஞ்சத் தண்ணீருக்கு, கேட்டின் குறுக்கே ஓடும் தண்ணீரை வழிமறிக்க, தோட்டத்து ஓரத்தில் ஒரு நீள வாய்க்காலாக அது நல்லதுதான். மாடித் தண்ணீர் முழுவதையும் அதன் தலையில் கட்டக் கூடாது, அவ்வளவே.

இனி மாமா சொன்ன உறைக்கிணறு. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேசத் தோன்றும்.

உறைக்கிணறு நமக்குப் புதிது இல்லை. கீழடியில் அகழ்ந்தபோது சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிணறுகள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த அமைப்பும், எங்கள் வாசலில் இருக்கிற சிமெண்ட் உறையும் வடிவத்தில் ஒன்றேதான். அது தண்ணீர் எடுக்க வெட்டியது, இது தண்ணீர் கொடுக்க வெட்டியது.

எங்கள் வீட்டில் கிணறு இறக்கியது ஒரு பெரியவரும் அவர் மகனும். மூன்றடி அகலம், ஓரடி உயரமுள்ள உறையைத் தரையில் வைத்து, அதன் உள்ளே உட்கார்ந்துகொண்டு அடியிலுள்ள மணலைப் பறிப்பார். உறை தன் பாரத்திலேயே மெதுவாக இறங்கும். மேலே அடுத்த உறையை வைப்பார்கள். இப்படிப் பதினைந்து உறை, இரண்டே நாள். உறைகளுக்கு நடுவில் சிமெண்ட் பூச வேண்டாம் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொன்னார். அந்த இணைப்புகள் வழியாகவும், கீழ் உறைகளில் போட்டிருக்கும் ஓட்டைகள் வழியாகவும்தான் தண்ணீர் பக்கவாட்டில் மண்ணுக்குள் போகும். அடியில் கான்கிரீட் கிடையாது. மேலிருந்து விழும் தண்ணீர் தரையைக் குடைந்துவிடாமல் இருக்க அரையடிக்கு ஜல்லி பரப்பினோம். மற்றபடி கிணறு முழுக்கக் காலி.

அந்தக் காலியிடத்தில்தான் இதன் பலம் இருக்கிறது. மூன்றடி அகலமும் பதினைந்தடி ஆழமும் என்றால் சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். ஜல்லிக் குழியைப் போல ஐந்து மடங்கு. கொட்டுகிற மழையைக் கொஞ்ச நேரம் தாங்கி வைத்துக்கொண்டு நிதானமாக மண்ணுக்குக் கொடுக்க அந்த இடம் வேண்டும். ஆழம் கூடக் கூடச் சுவர்ப் பரப்பும் கூடுகிறது, மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தமும் கூடுகிறது. அதனால் உறிஞ்சும் வேகமும் அதிகம். எல்லாவற்றையும் விட, மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் என்ன நிலைமை என்று தெரியும். வண்டல் படிந்திருந்தால் ஆள் இறங்கி அள்ளிவிடலாம். எங்கள் வீட்டில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புரட்டாசியில் அள்ளுகிறோம். மூன்று நான்கு பாண்டு சேறு வரும். அது ஜல்லிக் குழிக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

கிணற்றுக்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டி கட்டாயம் வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி போதும். மாடிக் குழாய் முதலில் அதில் விழுந்து, மண்ணும் இலையும் அடியில் தங்கி, மேலாகத் தெளிந்த தண்ணீர் வலை வழியாகக் கிணற்றுக்குப் போக வேண்டும். இந்தத் தொட்டிக்குச் செலவழிக்கிற பணம் கிணற்றின் ஆயுளை நீட்டும். கிணற்றின் வாயைக் கான்கிரீட் பலகை போட்டு மூடி, ஆள் இறங்கும் அளவுக்கு இரும்பு மூடி வைக்க வேண்டும். குழாய் வாய், காற்றுத்துளை எல்லாவற்றுக்கும் கொசு வலை. திறந்து கிடந்தால் டெங்குக் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எங்கள் கிணறு சாதாரண மழை எதற்கும் நிரம்பியதில்லை. சாயங்காலம் பெய்த மழை மறுநாள் காலையில் தடம் தெரியாமல் இறங்கியிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மட்டும் நிரம்பி வழிந்தது. அன்று ஊரே நிரம்பியிருந்தது. வழிந்த தண்ணீர் போக ஒரு குழாயைத் தெருப்பக்கம் விட்டிருந்ததால் வாசல் தப்பித்தது. எந்தக் கிணறு வெட்டினாலும் அந்த வழிகுழாயை மறக்கக் கூடாது.

இவ்வளவு சொல்லியும் அக்காவுக்கு ஏன் தயங்கினேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு அவள் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் ஓரடி அகலம், இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினோம். ராத்திரி தண்ணீர் ஊற்றி மண்ணை நன்றாக ஊற விட்டோம். காய்ந்த களிமண் முதலில் ஆசையாகக் குடிக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஊறவைப்பு. காலையில் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் மட்டத்தில் கோடு கிழித்துவிட்டுக் காபி குடிக்கப் போனோம். என் வீட்டில் இதே சோதனையைச் செய்தபோது அடுத்த வாளி கொண்டுவருவதற்குள் குழி காலியாகியிருந்தது. இங்கே மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது.

இப்படிப்பட்ட மண்ணில் பதினைந்தடிக் கிணறு வெட்டினால் அது வெறும் தொட்டிதான். முதல் மழையில் நிரம்பும், அடுத்த மழைக்கு இடம் கொடுக்காது. போதாக்குறைக்கு, களிமண் ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும். அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் அதை நாள்கணக்கில் ஊறவைப்பது சுவருக்கும் நல்லதில்லை.

களிமண்ணுக்கு ஒரு வழி உண்டு. கிணற்றின் அடியிலிருந்து ஒரு துளை போட்டு, களிமண் அடுக்கைத் தாண்டிக் கீழே இருக்கிற மணல் அடுக்கைத் தொடுவது. ஆறங்குலக் குழாய், அதில் சுற்றிலும் வெட்டுகள், மேலே நைலான் வலை சுற்றி இறக்குவார்கள். குழாயின் தலை கிணற்றுத் தரையோடு தரையாக இருக்கக் கூடாது. இரண்டடியாவது மேலே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் வண்டல் அடியில் தங்கும், தெளிந்த தண்ணீர் மட்டும் குழாய்க்குள் போகும். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டதால் ஒரே மழைக்காலத்தில் அடைத்துப்போன துளைகளைப் பார்த்திருக்கிறேன். துளை ஒருமுறை அடைத்தால் கிணற்றைப் போல இறங்கி அள்ள முடியாது. கம்ப்ரசர் வைத்து ஊத வேண்டும். அது எப்போதும் பலன் தரும் என்றும் சொல்ல முடியாது.

கிண்டி, ஆதம்பாக்கம், சைதாப்பேட்டை போன்ற பாறைப் பகுதிகளில் கதை வேறு. மேலே கொஞ்சம் மண், அப்புறம் உதிர்ந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. உதிர்ந்த பாறை வரை கிணறு போனால் ஓரளவு வாங்கும். வெடிப்புகள் எங்கே ஓடுகின்றன என்பதைப் பொறுத்தது. அங்கேயும் அந்தச் சோதனைக் குழியை வெட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க மாட்டேன்.

வேளச்சேரியில் என் நண்பன் வீட்டில் வேறு மாதிரிப் பிரச்சினை. அவன் தெருவிலுள்ள பழைய கிணறுகளில் கார்த்திகை மாதம் குனிந்தால் கையில் எட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கும். நிலமே நிரம்பியிருக்கிறது. அங்கே உறைக்கிணறு வெட்டினால் முதல் பத்து நாள் மழையை வாங்கும். அதற்குப் பிறகு நிலத்தடி நீர் கீழிருந்து கிணற்றுக்குள் ஏறிவிடும். மழை உச்சத்தில் இருக்கும்போது, எப்போது தேவையோ அப்போது அது உதவாது. வெட்டுவதற்கு முன் அக்கம்பக்கத்தில் திறந்த கிணறு இருந்தால், கார்த்திகையில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நம் கிணற்றின் அடித்தரை அந்த மட்டத்துக்குச் சில அடிகள் மேலேயே நிற்க வேண்டும். அந்த இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சில அடி மண்தான் தண்ணீரை வடிகட்டிக் கொடுக்கிறது.

வேளச்சேரி நண்பனுக்கு நான் சொன்னது சம்ப், அதாவது தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டிதான். கிணறு வேண்டாம், மாடித் தண்ணீரை வடிகட்டிச் சம்ப்பில் விடு, மிச்சத்தை வடிகாலில் விடு என்றேன். உண்மையில் மணலோ களிமண்ணோ, எந்த வீட்டிலும் முதல் இடம் சம்ப்புக்குத்தான் என்பது என் எண்ணம். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோன 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 10,000 லிட்டர் சம்ப் இருக்கிற வீட்டில் நல்ல மழை இரண்டு வந்தால் நிரம்பிவிடும். கையில் இருக்கிற தண்ணீர் அது. கிணற்றில் விட்டது ஊருக்கும் நமக்கும் பொதுவானது. இரண்டும் வேண்டும். வரிசைதான் முக்கியம்: முதலில் சம்ப், வழிந்தால் கிணறு, அதுவும் வழிந்தால் தெருவடிகால்.

பழைய கிணறு ஒன்று வீட்டில் வறண்டு கிடந்தால் மேலே சொன்ன எதையும் புதிதாக வெட்ட வேண்டாம். அதைவிட நல்ல உறிஞ்சு கிணறு எவராலும் கட்டித்தர முடியாது. அகலம் அதிகம், ஆழம் அதிகம், அடியில் ஏற்கெனவே ஊற்றுக்கண் இருந்த இடம். எங்கள் பகுதியில் போர் போட்டதும் கிணற்றில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடி, மேலே கார் நிறுத்த இடம் பண்ணிவிட்டார்கள். அப்படி மூடிய கிணறுகளை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. மூடாமல் வைத்திருப்பவர்கள் ஒரு வண்டல் தொட்டி கட்டி மாடிக் குழாயை அதில் திருப்பினால் போதும்.

வறண்ட போர் குழாய்க்கும் இதே யோசனையைச் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் மாடிக் குழாயை நேரே அதில் செருகக் கூடாது. சுற்றிலும் குழி வெட்டி, வடிகட்டி, பிறகுதான் விட வேண்டும். நடுவில் மண் ஏதுமின்றி ஆழத்து நீருக்கே நேர் வழி அது. செய்ய முடியாவிட்டால் வாயைக் கெட்டியாக அடைத்துவிடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததைத் தமிழ்நாடே தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தையை உயிரோடு எடுக்க முடியவில்லை.

கிணற்றுக்குள் என்ன போகலாம், என்ன போகக் கூடாது என்பதிலும் நான் கொஞ்சம் பிடிவாதம்தான். மழைத் தண்ணீர் மட்டும்தான் போகலாம். கார் கழுவின தண்ணீர், வாஷிங் மெஷின் தண்ணீர், வாசல் தெளித்த தண்ணீர் எதுவும் கூடாது. தரையில் விழும் தண்ணீர் மேல்மண் வழியாக மெதுவாக இறங்கும்போது அழுக்கில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். கிணறு வெட்டி விட்டால் நாம் அந்த மேல்மண்ணைத் தாண்டிவிடுகிறோம். எண்ணெயும் சோப்பும் நேராக அடுத்த வீட்டு போருக்குப் போகும். அமெரிக்காவில் இம்மாதிரிக் கிணறுகளை ஐந்தாம் வகுப்பு உட்செலுத்து கிணறுகள் என்று வகைப்படுத்திச் சட்டத்தின்கீழ் வைத்திருப்பது இந்தக் காரணத்தால்தான். பருவத்தின் முதல் மழையையும் வெளியே விட்டுவிட வேண்டும். ஆறு மாதத் தூசி அதில் இருக்கும். செப்டிக் டேங்க் இருக்கிற வீட்டில் கிணற்றை எதிர்மூலையில் வையுங்கள். அஸ்திவாரத்திலிருந்து பத்தடி தள்ளி இருந்தால் நிம்மதி. சென்னை மனைகளில் அவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம், மணலில் ஐந்தாறு அடியிலும் வைக்கிறார்கள். களிமண்ணில் அப்படி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். தூர் அள்ள ஆள் இறங்குவதற்கு முன் மூடியை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். மூடிக் கிடந்த கிணற்றில் மூச்சுவிடக் காற்று இருக்கிறது என்று எப்போதும் நம்பிவிடக் கூடாது. இறங்குபவர் இடுப்பில் கயிறும், மேலே இரண்டு பேரும் இல்லாமல் எங்கள் வீட்டில் யாரையும் இறக்குவதில்லை.

அக்கா வீட்டில் கடைசியில் என்ன செய்தோம்? மழை முடியும் வரை காத்திருந்து, நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும் சித்திரையில் வேலையை வைத்துக்கொண்டோம். மாடிக் குழாய்கள் நான்கையும் ஒன்றாக்கி, வடிகட்டி வழியாகச் சம்ப்புக்குக் கொண்டுவந்தோம். சம்ப்பின் வழிகுழாய் தோட்டத்து மூலையில் புதிதாக இறக்கிய உறைக்கிணற்றுக்குப் போகிறது. பத்தடி ஆழம்தான், நான்கடி அகலம். அடியிலிருந்து துளை. பதினெட்டடியில் களிமண் முடிந்து மணல் வந்ததும், போர் போடுகிறவர் மணலைக் கையில் எடுத்து அக்காவிடம் காட்டினார். அவள் அதை ஒரு டப்பாவில் போட்டு இன்னும் வைத்திருக்கிறாள். இருபத்திரண்டடியில் நிறுத்தினோம். கிணற்றின் வழிகுழாய் வால்வோடு தெருவடிகாலில் சேர்கிறது.

ஆவணியில் ஒரு ராத்திரி நல்ல மழை. சம்ப் நிரம்பி, கிணற்றில் நான்கடி தண்ணீர் ஏறியிருந்தது என்று காலையில் போன் செய்தாள். மறுநாள் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டு, அடித்தரை ஜல்லி தெரிகிறது என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் கேட்டுக்கு உள்பக்கம், தெருவைவிடத் தாழ்ந்த அந்த ஏழெட்டடி இடத்தில் மட்டும் இன்னும் தண்ணீர் நிற்கிறது. தெருவிலிருந்து கேட்டுக்கு அடியில் வழிந்து வருவது அது. சாலை அழுக்கு கலந்த தண்ணீர், அதைக் கிணற்றில் விட முடியாது. குறுக்கே ஓரடி அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, ஜல்லி போட்டு, மேலே இரும்புக் கிராதி வைத்து, கோடியில் சின்னத் தொட்டியும் மோட்டாரும் வைத்துத் தெருவடிகாலுக்கே ஏற்றிவிடலாம் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். அதைச் செய்யச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வருகிறார்.